நியூரம்பர்க் சந்தைச் சதுக்கத்து நீரூற்று: வளையத்தைச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஜன்னல் கிராதியும் இரும்புக் கேட்டும் செய்து பிழைத்தவன் நான். பட்டறையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஜெர்மனியில் மகள் வேலை பார்க்கும் நியூரம்பர்க் நகரத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் போன இடம், ஹாப்ட்மார்க்ட் என்ற பழைய சந்தைச் சதுக்கத்தின் வடமேற்கு மூலையில் நிற்கும் நீரூற்று. ஷேனர் புருன்னன் என்கிறார்கள். அழகிய நீரூற்று என்று பொருள். இருபது முறையாவது போயிருப்பேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை மகளோடும் பேரனோடும் ஒரு சனிக்கிழமை நண்பகலில் போனேன். அந்த நேரத்தில் நீங்கள் போக வேண்டாம். நீரூற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புக் கிராதி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் கம்பிகளுக்குள் கோத்தபடி ஒரு பித்தளை வளையம். மூன்று சுற்றுச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. சுற்றுலாக் கூட்டம் ஒன்று வரிசையில் நின்றது. அவர்களை அழைத்து வந்த வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார். ஒவ்வொருவராக வந்து, வளையத்தைச் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு விலகினார்கள். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துச் சுற்ற வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒருவர்கூட அண்ணாந்து பார்த்ததை நான் காணவில்லை. அந்த வளையம் எதில் தொங்குகிறதோ, அந்தக் கம்பியையும் யாரும் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்களும் ஒரு முறை சுற்றுங்கள்" என்றாள் மகள். என் கை வளையத்துக்குப் போகவில்லை. பக்கத்துக் கம்பியைத்தான் பிடித்தது. பிடித்தவுடனே தெரிந்துவிட்டது, கம்பியின் பருமன் ஒரு சீராக இல்லை. விரலை ஓட்டினால் இம்மி ஏறி இம்மி இறங்குகிறது. ஆலையில் உருட்டி எடுத்த கம்பி அப்படி இருக்காது. சம்மட்டியால் அடித்து நீட்டிய கம்பிக்குத்தான் அந்த நடை உண்டு. அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. பேரன் பசி என்று அழ ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினேன்.

இந்த நீரூற்றுக்கு 1587ல் கிராதி அமைத்தவர் பவுலஸ் கூன் என்ற கொல்லர். ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து வந்தவர். அந்தக் காலத்துக் கொல்லனிடம் வெல்டிங் கருவி கிடையாது, துளை போடும் இயந்திரம் கிடையாது. உலை, துருத்தி, சம்மட்டி, குறடு, பட்டறைக்கல், அவ்வளவுதான். சுருளுக்குள் சுருளாக, வளைவுக்குள் வளைவாக ஓடும் இந்த வகை வேலையில், ஒரு கம்பி இன்னொரு கம்பியின் உடலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். இயந்திரத்தில் துளை போட்டால் அந்த இடத்து இரும்பு சீவலாக உதிர்ந்துவிடும், கம்பி அங்கே பலவீனமாகும். கொல்லன் அப்படிச் செய்வதில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உளியால் நடுவில் கீறி, ஆணி இறக்கி, கண்ணைத் திறப்பான். இரும்பு எங்கும் போகாது, இரண்டு பக்கமும் விலகி நிற்கும். துளை உள்ள இடம் பாம்பு இரையை விழுங்கியது போலச் சற்றுப் புடைத்திருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொண்ட பிறகும் நான்கு துளைக்கு ஒன்று கோணும். நியூரம்பர்க் போகிறவர்கள் கிராதியில் இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடங்களில் கண்ணை வையுங்கள். எது எதற்குள் நுழைகிறது, எது எதன் மேல் ஏறுகிறது என்று ஒரே ஒரு கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு தொடர்ந்து போய்ப் பாருங்கள். கோலத்தில் ஒரு இழையைப் பின்தொடர்வது போல் இருக்கும்.

வளையத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொல்லர் கூனிடம் வேலை பழகிய இளைஞன் ஒருவன் அவருடைய மகள் மார்கரெட்டை விரும்பினானாம். தகப்பன் மறுத்துவிட்டார். இந்தக் கிராதிக்குள் சுழலும் வளையம் ஒன்றைக் கோக்க உன்னால் எப்படி முடியாதோ, அப்படித்தான் என் மகளும் உனக்குக் கிடைக்க மாட்டாள் என்றாராம். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் பையன் ஒட்டுத் தெரியாத வளையத்தைக் கோத்து முடித்துவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டான். திரும்பி வந்து பார்த்த தகப்பன் மனம் வருந்தினார், ஆனால் பையன் வரவே இல்லை. கதை கதையாகவே இருக்கட்டும். அந்தப் பையன் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. மெச்ச வேண்டிய நேரத்தில் மெச்சாத ஆசான்மார்களிடம் நானும் வேலை பழகியிருக்கிறேன்.

ஆனால் தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் சுற்றும் அந்தப் பித்தளை வளையம் அல்ல உண்மையானது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கம் போனால் கறுப்பாக ஒரு இரும்பு வளையம் இருக்கிறது, அதுதான் அசல் என்பது அவர்கள் கட்சி. எது முந்தியது என்ற வழக்கில் நான் தலையிடவில்லை. எது கடினமான வேலை என்று கேட்டால் தயங்காமல் கறுப்பு வளையத்தைத்தான் காட்டுவேன். பித்தளையை உலையில் அடித்து ஒட்ட முடியாது. வெங்காரம் இட்டு, பற்றாசு வைத்து உருக்கித்தான் இணைக்க வேண்டும். அதற்கு மிதமான சூடு போதும். பிறகு அரம் போட்டு மெருகேற்றினால் ஒட்டு மறைந்துவிடும், ஆயிரக்கணக்கான கைகள் பட்டுத் தேய்ந்தால் இன்னும் மறையும். இரும்பு அப்படி இல்லை. உலை முறையில் இரும்பு வளையத்தை மூட வேண்டுமானால் இரண்டு முனைகளையும் பொறி பறக்கும் வெண்சூட்டுக்கு ஏற்றி, மணல் தூவி, சூடு இறங்குவதற்குள் அடித்து ஒன்றாக்க வேண்டும். அதுவும் சுற்றிலும் முடிந்த வேலைப்பாடு நிற்கும்போது, அதைத் தொடாமல், சம்மட்டி வீச இடம் இல்லாத சந்தில்! எப்படிச் செய்திருக்கலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். என்னிடம் ஒரு விடை இருக்கிறது, ஆனால் செய்து பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கிராதியைப் பற்றி இவ்வளவு சொன்னதால் உள்ளே நிற்பதை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எட்டுப் பட்டை கொண்ட தொட்டி. அதன் நடுவில் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் கல் கோபுரம், பத்தொன்பது மீட்டர் உயரம். அக்காலத்து மாதா கோயில் ஒன்றின் உச்சிக் கூம்பை மட்டும் கழற்றித் தரையில் வைத்தது போன்ற வடிவம். 1385க்கும் 1396க்கும் இடையில் ஹைன்ரிஷ் பெஹைம் என்ற சிற்பி ஆசான் எழுப்பியது. புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் இதே ஊரில் 1471ல் பிறந்தபோது நீரூற்றுக்கு எழுபத்தைந்து வயது. ஆனால் கூன் செய்த கிராதியை டியூரர் பார்த்ததில்லை, அவர் 1528லேயே இறந்துவிட்டார்.

கோபுரத்தில் நாற்பது சிலைகள். பொன்னும் சிவப்பும் நீலமும் தீட்டியிருக்கிறார்கள். மேகம் மூடிய நாளில்கூட அந்தப் பொன் கண்ணைப் பிடிக்கிறது. முதல் சில முறை எனக்கு அவை வெறும் சிலைக் கூட்டமாகத்தான் தெரிந்தன. மகள் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் யார் என்று வாசித்துச் சொன்ன அன்றைக்குத்தான் அதன் கணக்கு பிடிபட்டது. பிடிபட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எட்டுப் பட்டைக் கட்டடத்தில் சிலை வைப்பவனுக்கு எட்டு எட்டாக ஆட்கள் வேண்டும். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் மதித்த கூட்டங்கள் எட்டாக வருவதில்லை. கல்வித் துறைகள் ஏழு. பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை படைத்த தேர்வாளர்கள் ஏழு. புகழ்பெற்ற மாவீரர்கள் ஒன்பது பேர். இதை வைத்துக்கொண்டு எப்படிச் சமன் செய்வது? கீழ் வரிசையில் ஏழு கல்வித் துறைகளோடு தத்துவத்தைச் சேர்த்தார்கள், எட்டு ஆயிற்று. அவற்றோடு நற்செய்தி எழுதிய நால்வர், திருச்சபைத் தந்தையர் நால்வர், இன்னொரு எட்டு. கோபுரத்தின் அடுக்கில் தேர்வாளர் ஏழு பேரையும் மாவீரர் ஒன்பது பேரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஏழும் எட்டுக்கு ஒத்துவராது, ஒன்பதும் எட்டுக்கு ஒத்துவராது, இரண்டையும் கூட்டினால் பதினாறு! பட்டைக்கு இரண்டு பேர். அதற்கும் மேலே தீர்க்கதரிசிகள் ஏழு பேரோடு மோசே, மறுபடியும் எட்டு. ஆக நாற்பது. இந்தக் கணக்கைப் போட்டவரைப் பார்க்க முடிந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ஜன்னலின் அகலத்துக்குள் கம்பி எண்ணிக்கை ஒத்துவராமல் இரவெல்லாம் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுத் தவித்தவனுக்குத்தான் இந்த வேலையின் அருமை தெரியும்.

ஒன்பது மாவீரர்களில் மூவர் கிறித்துவுக்கு முந்தைய கிரேக்க, ரோமானிய உலகத்தவர்கள்: ஹெக்டர், அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர். மூவர் யூதர்கள்: யோசுவா, தாவீது, யூதாஸ் மக்கபேயு. மற்ற மூவர் கிறித்தவர்கள், ஆர்தரும் சார்லமேனும் அவர்களில் உண்டு. இந்த யூத வீரர்கள் மூவரையும் பார்க்கும்போது கால் வைத்து நிற்கும் இடத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சதுக்கம் முன்பு யூதர்களின் குடியிருப்பு. பேரரசர் நான்காம் சார்லஸ் அதை இடித்துச் சந்தையாக்க நகரத்தாருக்கு இசைவு தந்தார். 1349 டிசம்பர் 5 அன்று 562 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில்தான் எதிரே தெரியும் மாதா கோயில், ஃபிரௌவன்கிர்ஷே, எழுந்தது. அது நடந்து ஐம்பது ஆண்டு முடிவதற்குள் அதே மண்ணில் தாவீதையும் யோசுவாவையும் பொன் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். பேரனுக்கு ஒன்பது வயது. அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு சொன்னேன். "தாத்தா, அவர்கள் வீடுகள் எங்கே இருந்தன?" என்று கேட்டான். நாம் நிற்கும் இடத்தில்தான் என்றேன். அவன் வெகுநேரம் தரைக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு நீரூற்றின் அழகு குறையாது, பார்க்கும் பார்வை மாறும்.

இன்னொரு செய்தி சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், எனக்கும் முதலில் இருந்தது. இப்போது நிற்பது 1396ல் முடித்த அதே கல் அல்ல. பழையது மணற்கல். நீரும் பனியும் ஏறி ஏறி உதிர்ந்துபோயிற்று. 1897 முதல் 1902 வரை சிப்பிச் சுண்ணாம்புக்கல்லில் அப்படியே புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். பழைய துண்டுகள் அதே ஊரில் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரதி என்று கேள்விப்பட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. மறுநாளே மகளை நச்சரித்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே தேய்ந்த கல் முகங்களைக் கை எட்டும் தூரத்தில் பார்த்தபோது மனம் ஆறிற்று. மூக்கு மழுங்கியிருக்கிறது, தாடிச் சுருள் கரைந்திருக்கிறது, ஆனால் நெற்றிச் சுளிப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த நாள் சதுக்கத்துக்கு வந்து நின்றபோது மேலே இருப்பவர்கள் தெரிந்த முகங்களாகிவிட்டார்கள். உங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றாலும் இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அருங்காட்சியகம் முதலில், நீரூற்று பிறகு. அந்த வரிசையில் போனால் பத்தொன்பது மீட்டர் உயரமும் பக்கத்தில் வந்துவிடும்.

போரின்போது நீரூற்றைச் சுற்றிக் காங்கிரீட் உறை எழுப்பி மூடிவிட்டார்கள். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரத்தில் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. உறைக்குள் இருந்தது தப்பித்தது. இன்று சுற்றிலும் தெரியும் வீடுகளில் பெரும்பாலானவை நீரூற்றைவிட இளையவை. ஊரில் மூத்தவர் நடுவில் நிற்க, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பது போல் எனக்குத் தோன்றும்.

போகும் வழி எளிது. ரயில் நிலையத்திலிருந்து யு1 சுரங்க ரயிலில் ஒரே நிறுத்தம், லோரன்ஸ்கிர்ஷே. அங்கிருந்து பெக்னிட்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சதுக்கம். முதியவர்களும் நடந்துவிடலாம். நீரூற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை, பூட்டு இல்லை, எந்த நேரமும் பார்க்கலாம். என் அனுபவத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் போவதே நல்லது. சந்தைக்காரர்கள் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருப்பார்கள். கிழக்கிலிருந்து வரும் வெயில் பக்கவாட்டில் விழுந்து சிலைகளின் மடிப்புகளை எடுத்துக் காட்டும். நகரத்துக்கு வடக்கே க்னோப்லாக்ஸ்லாண்ட் என்று ஒரு காய்கறி வட்டாரம் இருக்கிறது. பூண்டு நாடு என்று பொருளாம். அங்கே விளைந்த முள்ளங்கியும் கீரையும், வசந்தத்தில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டும் இங்கே வந்து இறங்கும். முள்ளங்கி வாங்குகிற கூட்டத்துக்கு நடுவில் இந்த நீரூற்றைப் பார்ப்பதுதான் பொருத்தம். இது சந்தைக்காக எழுந்தது.

பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்க நேர்ந்தால் எதிரே உள்ள மாதா கோயிலின் கடிகாரத்தைப் பாருங்கள். 1509ல் அமைத்தது. நடுவில் பேரரசர் நான்காம் சார்லஸ் உட்கார்ந்திருக்க, ஏழு தேர்வாளர்களும் மூன்று முறை அவரைச் சுற்றி வணங்கிப் போவார்கள். பேரரசரை இந்த ஏழு பேர் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து 1356ல் அவர் பிறப்பித்த பொன்முத்திரைச் சாசனத்தின் நினைவு அது. நீரூற்றில் கல்லாக நிற்கும் அதே ஏழு பேர், கடிகாரத்தில் நடக்கிறார்கள். மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள், பொஹிமிய அரசர், பலட்டின் கோமகன், சாக்சனிக்கும் பிராண்டன்பர்க்குக்கும் உரியவர்கள். பேரன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இவர்கள்தானே அவர்கள்?" என்று கத்தினான். பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மானியப் பாட்டி திரும்பிச் சிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. மேல் அடுக்கில் மோசேயும் தீர்க்கதரிசிகளும் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பைனாக்குலர் கொண்டு போங்கள், நான் மூன்றாவது வாரத்தில்தான் மகளிடம் கேட்டு வாங்கினேன். கிராதியின் நெருக்கத்தில் தொட்டியின் கீழ்ச் சிலைகள் சில கோணங்களில் மறைந்துவிடுகின்றன. கல்வித் துறைகளைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பட்டையாக நகர்ந்து கம்பி இடைவெளியில் கண் வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கத் தோதான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நவம்பர் இறுதியில் கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கினால் டிசம்பர் 24 வரை சதுக்கம் முழுவதும் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். அதற்கு ஒரு அழகு உண்டு, ஆனால் கிராதியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது காலம் அல்ல. இவற்றுக்காக அரை மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நான்கரை தருகிறேன். கிராதிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் தனியாகப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கல் நனைந்து கறுத்துப்போக, பொன் மட்டும் தனியே மிதப்பது போல் தெரிந்தது. கம்பிகளின் ஓரத்தில் நீர் வழிந்து, துளை திறந்த இடத்துப் புடைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நின்று சொட்டியது. அதை வைத்தே கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கீரைக் கடைக்கார அம்மாள் என்னைக் கவனித்துவிட்டுத் தன் கடைப் பந்தலின் துணியை ஒரு முழம் என் பக்கம் இழுத்துக் கட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் கிராதியைக் காட்டி, இரண்டு கைகளாலும் சம்மட்டி அடிப்பது போலச் செய்து காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கறுப்பு வளையம் இருக்கும் பக்கத்தை விரலால் சுட்டிக் காட்டினார்.